திருநெல்வேலில சாயங்காலம் எங்க போய் உக்கார்றது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணாச்சி,

பெருமாள்புரத்துல இருந்து எழுதுதேன். சென்னைல பன்னெண்டு வருஷம் இருந்துட்டு ரெண்டு வருஷத்துக்கு முன்னால பிள்ளைகளோட ஊருக்கே வந்துட்டோம். எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல தெனமும் ஒரே பேச்சு, நம்ம ஊர்ல ஏர்போர்ட் இல்ல, பெரிய மால் இல்ல, ஐடி கம்பெனி இல்லன்னு. எனக்கு என்னமோ அதெல்லாம் பெருசா தெரியல. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா பிள்ளைகள எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம கடைசில ஒரு ஹோட்டல்ல போய் ஆயிரம் ரூபா செலவழிச்சுட்டு வாறோம். உண்மையிலயே நம்ம ஊருக்கு என்னதான் கொறை, சொல்லுங்க.

ஒரு பாளையங்கோட்டை வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க கடிதத்துலயே பதில் இருக்கு, அந்த ஆயிரம் ரூபாதான். காசு குடுக்காம ரெண்டு மணி நேரம் குடும்பத்தோட உக்கார ஒரு எடம், அது நம்ம ஊர்ல இல்லாமப் போச்சு.

ஏர்போர்ட்ட விடுங்க, வாகைக்குளத்துல இருக்க தூத்துக்குடி ஏர்போர்ட் முக்கால் மணி நேரத்துல வந்துரும், 2025 ஜூலைல அங்க புது டெர்மினலும் தொறந்தாச்சு. சென்னைக்கு 2023-ல இருந்து வந்தே பாரத் ஓடுது. வேலை விஷயம் மட்டும் நெசமான கொறை, கங்கைகொண்டான் சிப்காட்டுல சோலார் பேனல் செய்ற பெரிய ஆலை வந்துருக்கு, ஆனாலும் பிள்ளைக வண்டி ஏறிப் போறது நிக்கல. அதத் தனியா ஒருநாள் எழுதுதேன்.

உக்கார்ற எடத்துக்கு வாறேன். நாம புதுசா எதுவும் கட்டவே வேண்டாம். ஊருக்கு நடுவுல வத்தாத தாமிரபரணி ஆறு ஓடுது, ஒரு கரைல ஜங்ஷன், மறு கரைல கொக்கிரகுளம். குறுக்குத்துறைல ஆத்துக்குள்ளயே முருகன் கோயில், ஆத்தங்கரைல தைப்பூச மண்டபம், கல்லுல படித்துறை. இதெல்லாம் குளிக்க மட்டும் கட்டுனதா நான் நினைக்கல, சாயங்காலம் துண்ட விரிச்சு உக்காந்து ஊர்க்கதை பேசுனவங்கதான் நம்ம தாத்தாமாரு. நான் நீச்சல் பழகுனது பாளையங்கால்வாய்ல, இன்னைக்கு அந்தக் கால்வாய்ல உங்க பிள்ளைக கால வைக்க நீங்க விடுவீங்களா? அதே தண்ணிதான் கீழ வயலுக்குப் போகுது, கார், பிசானம்னு ரெண்டு போக நெல்லும் அதுல வெளையுது, நினைச்சாலே வயிறு எரியுது.

போன வாரம் கொக்கிரகுளம் பக்கம் ஒரு படில அஞ்சு மணிக்குப் போய் உக்காந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பையன் ஒருத்தன் ரெண்டு படி மேல புஸ்தகத்த மடில வச்சுட்டு கைக்குட்டைய மூக்குல கட்டியிருந்தான். எனக்கு எடது பக்கம் ஒரு ஓடை வந்து விழுது, கருப்பா, ஒரு பத்தடிக்கு ஆத்துத் தண்ணியோட சேராம தனி வரியா ஓடி அப்புறமா கலந்துருது. கலந்தப்புறம் பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதான் கொடுமை. அங்கேருந்து ஒரு இருவதடில ஒரு பாட்டி துணி அலசிட்டு இருந்தாங்க. "மூக்கு பழகிப்போச்சுய்யா"ன்னு சொன்னாங்க, எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

இந்த ஆத்துத் தண்ணியத்தான் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டம் வரைக்கும் குடிக்காங்க. 2024 நவம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து சாக்கடை கலக்குற எடத்தப் பாத்துட்டுப் போனாங்க. பாதாளச் சாக்கடைய மிச்சமில்லாம எல்லா வீட்டுக்கும் இணைச்சு, அந்தத் தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேந்தா பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி, படித்துறைல வெளிச்சம், பொம்பளைங்க நம்பிப் போற மாதிரி சுத்தமான கழிப்பறை, ராத்திரி ஒம்பது மணிக்கும் திரும்பி வர டவுன் பஸ். இது இல்லாம வெறும் பார்க்க மட்டும் கட்டுனா அது ஆம்பளைங்க உக்கார்ற எடமாத்தான் இருக்கும், நீங்க மறுபடியும் ஹோட்டலுக்குத்தான் போவீங்க.

முடியாத காரியம்னு குரூப்ல யாராவது சொன்னா சுலோசன முதலியார் பாலத்தக் காட்டுங்க. 1843-ல தொறந்தது, கலெக்டர் ஆபீஸ்ல உத்தியோகம் பாத்த ஒரு மனுஷன் சொந்தக் காசப் போட்டுக் கட்டுனது, இன்னைக்கும் அதுல பஸ் போகுது. அவ்ளோ பெரிய மனசு நமக்கு வேண்டாம், 2018-ல நம்ம ஆத்துக்கு எடுத்த புஷ்கர விழாவுக்கு, குளிக்கக் கூட்டம் வருதுன்னு படித்துறை எல்லாத்தையும் தூத்து வச்சாங்கல்ல, அந்தச் சுத்தம் வருஷம் பூரா இருந்தாப் போதும்.

எந்தெந்த எடத்துல ஓடை விழுதுன்னு நானும் ரெண்டு பேருமா நடந்து போய் போட்டோ எடுத்துட்டு வாறோம், பாதிதான் முடிஞ்சுருக்கு. மாநகராட்சிக்குக் குடுக்க மனுவும் எழுதியாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு குறுக்குத்துறை வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. மருத மர நெழல்ல கொஞ்ச நேரம் உக்காரலாம், காப்பி நான் பிளாஸ்க்ல கொண்டாறேன், மனுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க.

அன்புடன்,
அண்ணாச்சி