நாம், நாங்கள், நீங்கள்: வானொலிச் சொற்கள் குறித்த கேள்வி பதில்

பண்பலை நிலையங்களிலும் சமூக வானொலிகளிலும் பணிபுரிவோரும், வானொலி கேட்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அறிவிப்பு எழுதுவதிலும் அறிவிப்பாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் நெடுங்காலம் ஈடுபட்டுவரும் ஒருவர் தந்த பதில்கள் இவை.

கேள்வி: “நேயர்களே” என்று பன்மையில் அழைப்பது நல்லதா, ஒருவரிடம் பேசுவதுபோல் பேசுவது நல்லதா? (புதிய அறிவிப்பாளர்)

பதில்: வாழ்த்துச் சொல்லும்போது “நேயர்களே” என்பதில் பிழையேதும் இல்லை, அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும். வானொலியைப் பெரும்பாலோர் தனியாகவோ, தம் வேலைக்கு நடுவிலோ கேட்கிறார்கள். 1920-களின் பிற்பகுதியில் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசியின் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு இயக்குநராக இருந்த ஹில்டா மேத்தசன், பொதுக்கூட்டத்தில் முழங்குவதுபோல் ஒலிவாங்கியின் முன் பேசினால் அது எடுபடாது என்பதை உணர்ந்து, தனியொருவரிடம் உரையாடும் தொனியைப் பேச்சாளர்களிடம் வலியுறுத்தினார். 1933 மார்ச் 12 அன்று, வங்கிகள் மூடிக்கிடந்த நெருக்கடியில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியபோது, வங்கியில் போட்ட பணம் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்கி, என்ன செய்யப்பட்டது, ஏன் செய்யப்பட்டது, அடுத்து என்ன நடக்கும் என்று எளிய சொற்களில் விளக்கினார். மறுநாள் வங்கிகள் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியபோது, மக்கள் பணத்தை எடுப்பதற்குப் பதிலாகத் திரும்பப் போட வந்தார்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. “நீங்கள்” என்பது பலரையும் குறிக்கும். மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். “இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் அது தன்னிடமே கேட்கப்பட்டதாகத் தோன்றும். “நேயர்கள் அனைவரும் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம்” என்றவுடன் அந்த வசதி கைநழுவிப் போகிறது; கேட்பவர் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார், பதில் சொல்லும் பொறுப்பும் கூட்டத்துக்குப் போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் நிலையத்தில் ஒருவர் “நாம்” என்கிறார், இன்னொருவர் “நாங்கள்” என்கிறார். இதற்கு விதி வகுக்க வேண்டுமா? (நிகழ்ச்சித் தயாரிப்பாளர்)

பதில்: கட்டாயம் வகுக்க வேண்டும். என்னைக் கேட்டால், தமிழ் வானொலியில் மற்ற எல்லாச் சொற்களையும்விட அதிகக் கவனம் பெற வேண்டியவை இந்த இரண்டும்தான். “நாம்” கேட்பவரையும் உள்ளே சேர்க்கிறது. “நாங்கள்” அவரை வெளியே நிறுத்துகிறது. இரண்டுக்கும் உரிய இடம் உண்டு. “அடுத்து ஒரு பழைய பாடலைக் கேட்போம்” என்பது சரி, ஏனென்றால் இருவரும்தான் கேட்கப்போகிறோம். “இந்த நேர்காணலை நாம் சென்ற வாரம் பதிவு செய்தோம்” என்பது சரியல்ல. கேட்பவர் அந்தப் பதிவில் இல்லை. செய்யாத வேலையில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அது நெருக்கமாகத் தெரியாது, போலியாகவே தெரியும்.

இதைவிடத் தீங்கானது, பிழையை ஒப்புக்கொள்ளும் இடத்தில் “நாம்” நுழைவது. “காலைச் செய்தியில் தேர்வுத் தேதியை நாம் தவறாகச் சொல்லிவிட்டோம்” என்று ஓர் அறிவிப்பாளர் சொன்னால், அந்தத் தவறான தேதியை நம்பிய மாணவரும் பிழையில் பங்காளியாகிறார். அங்கே “நாங்கள் தவறாகச் சொல்லிவிட்டோம்” என்பதே நேர்மை. பணி, முடிவு, பிழை ஆகிய மூன்றுக்கும் “நாங்கள்”. கேட்பது, காத்திருப்பது, மகிழ்வது ஆகியவற்றுக்கு “நாம்”. இவ்வளவு எளிய வரையறையே பெரும்பாலான குழப்பத்தைத் தீர்த்துவிடும். கடிதங்கள் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. “எங்களுக்கு வந்த கடிதம்” என்பது உண்மை. “நமக்கு வந்த கடிதம்” என்றால் கேட்பவர் அனைவரும் அதைப் பெற்றவர்களாகிறார்கள். கடிதம் எல்லோருக்குமான செய்தியைச் சொல்லும்போது இரண்டாவதையே நான் விரும்புகிறேன்.

செய்தியறைக்குத் தனி விதி வேண்டும். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரின்போது பிபிசி “நமது படைகள்” என்னாமல் “பிரித்தானியப் படைகள்” என்று குறிப்பிட்டதற்காக பிரித்தானிய அரசியல்வாதிகள் பலர் அதைக் கடுமையாகச் சாடினார்கள். ஆனாலும் அந்தத் தேர்வுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. செய்தியில் “நமது” என்ற சொல் வந்தால், அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து கேட்பவர், இந்த நிலையம் தனக்கானதல்ல என்று அந்த நொடியே தெரிந்துகொள்கிறார்.

கேள்வி: செய்தி வாசிப்பவர் தம் பெயரைச் சொல்வது தற்பெருமை ஆகாதா? (நேயர்)

பதில்: ஆகாது. பிபிசியில் செய்தி வாசிப்போர் தொடக்கத்தில் பெயர் சொல்லவில்லை. 1940-இல், இரண்டாம் உலகப் போரின்போது, எதிரிகளின் போலி ஒலிபரப்பிலிருந்து உண்மையான குரலை மக்கள் பிரித்தறிவதற்காகவே பெயர் சொல்லத் தொடங்கினார்கள். பெயரைச் சொல்பவர், தாம் வாசிப்பதற்குத் தம்மைப் பொறுப்பாக்கிக்கொள்கிறார்.

கேள்வி: ஒலிபரப்பு தடைபட்டால் “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்று சொல்கிறோம். அது போதாதா? (சமூக வானொலித் தன்னார்வலர்)

பதில்: சில நொடித் தடங்கலுக்குப் போதும். நேரம் நீண்டால் போதாது. “தொழில்நுட்பக் காரணங்களால் ஒலிபரப்பு தடைபட்டது” என்ற வாக்கியத்தில் செய்தவரும் இல்லை, இழந்தவரும் இல்லை. அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கடந்த எட்டு நிமிடங்களாக எங்கள் ஒலிபரப்பு உங்களை வந்தடையவில்லை. மின்சாரம் நின்றபின் ஜெனரேட்டருக்கு மாறுவதில் தாமதமாகிவிட்டது. மருத்துவர் பேட்டியில் விடுபட்ட பகுதியை ஆறு மணிச் செய்தி முடிந்ததும் மீண்டும் ஒலிபரப்புகிறோம்.” எவ்வளவு நேரம், ஏன், விட்டுப்போனது எப்போது கிடைக்கும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. “இடையூறு ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். இடையூறு ஏற்பட்டது, அந்த “இருந்தால்”, கேட்டவரின் அனுபவத்தையே ஐயப்படுகிறது.

கேள்வி: விளம்பரத்துக்கு முன் “எங்கும் போய்விடாதீர்கள், ஒரு முக்கியத் தகவல் காத்திருக்கிறது” என்று சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. (பண்பலை அறிவிப்பாளர்)

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. கேட்பவருக்கு வேலை இருக்கும், போவார். போகாதே என்பது கட்டளை. தகவல் என்னவென்று மறைப்பது இன்னும் மோசம், ஏனெனில் காத்திருந்து கேட்டபின் அது சாதாரணத் தகவலாக இருந்தால், அடுத்த முறை உங்கள் “முக்கிய”த்தை அவர் நம்பமாட்டார். “இரண்டு நிமிடங்களில் நாளைய மழை நிலவரம்” என்று பொருளையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். திரும்பி வருவோரையும் புதிதாக வருவோரையும் நினைத்து, விருந்தினர் யார், பேச்சு எதைப் பற்றியது என்பதை அவ்வப்போது ஒரே வாக்கியத்தில் நினைவூட்டுங்கள். நேரலை வானொலியில் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியாதவருக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி.

கேள்வி: இளைஞர்களைக் கவரப் பேச்சு வழக்கில், “நீ, வா” என்று பேசலாமா? (நிலைய மேலாளர்)

பதில்: பேச்சு வழக்கு வேறு, ஒருமை வேறு. பேச்சுத் தமிழிலேயே முழு மரியாதையோடு பேச முடியும். தொலைபேசியில் வந்தவரை “நீ” என்றால் அவர் சிரித்துக்கொண்டு ஏற்கலாம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவருடைய பெற்றோர் வயதினருக்கும் அந்தச் சொல் போய்ச் சேருகிறது. நியூசிலாந்து மொழியியலாளர் ஆலன் பெல், ஒரே வாசிப்பாளர்கள் ஒரே கட்டடத்திலிருந்து இரு வேறு நிலையங்களுக்குச் செய்தி வாசித்தபோது, நிலையத்தின் கேட்போர் யார் என்பதைப் பொறுத்து அவர்களுடைய உச்சரிப்பே மாறியதைப் பதிவு செய்து, 1984-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள் என்பது நாவில் தானாகவே தெரிந்துவிடும். எனவே நடையைக் கட்டளையால் மாற்றாதீர்கள். யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதை அறிவிப்பாளர்களுக்குத் தெளிவாக்குங்கள்.

கேள்வி: பல ஆண்டுகள் காலையில் கேட்ட குரல் ஒருநாள் நின்றுபோனது. நிலையம் ஒன்றுமே சொல்லவில்லை. வருந்துவது என் மிகைப்பாடா? (நேயர்)

பதில்: மிகையே அல்ல. 1956-இல் சமூகவியலாளர் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும், ஊடகங்களில் பேசுபவர்களோடு கேட்போரும் பார்ப்போரும் கொள்ளும் ஒருபக்க நெருக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள். அந்த நெருக்கத்தை “நாம்”, “உங்களோடு”, “நாளை சந்திப்போம்” போன்ற சொற்களால் நாள்தோறும் வளர்ப்பது நிலையம்தான். “நாளை சந்திப்போம்” என்பது ஒரு வாக்குறுதி. அதை நிறைவேற்ற முடியாதபோது, “இத்தனை நாள் இந்த நேரத்தில் உங்களோடு பேசியவர் இப்போது பணியிலிருந்து விலகியிருக்கிறார், அவருக்கு எழுத விரும்பினால் கடிதங்களை நாங்கள் சேர்ப்பிக்கிறோம்” என்று சொல்ல வேண்டியது நிலையத்தின் கடமை. விலகியதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் அவரே விடைபெற ஐந்து நிமிடம் கொடுக்கலாம். உங்கள் நிலையத்துக்கு இதையே எழுதிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.