வெளிர் வீட்டுக்குள் ஒரே ஒரு அழுத்தமான நிறம்: கேள்வி பதில்

ஐவரி, சாம்பல், வெள்ளை என்று வீடு முழுக்க வெளிர் நிறமாக இருக்கிறது, அழுத்தமான ஒரு நிறத்தை எங்கே, எவ்வளவு கொண்டுவரலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். உள் அலங்கார வேலை செய்பவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாம்பரம்: அக்கா, புது ஃப்ளாட். ஆஃப்-வைட் சுவர், ஐவரி டைல்ஸ், பழுப்பு சோபா. வீடே சோகையாக இருக்கிறது. ஹாலில் ஒரு சுவருக்குச் சிவப்பு அடிக்கலாமா?

சுவருக்கு முன்னால் தரையைப் பாருங்கள். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், டைல்ஸை மாற்றுவது பெரிய வேலை. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்தால் உங்கள் ஐவரி மஞ்சள் சாயலா, ரோஸ் சாயலா என்று தெரிந்துவிடும். மஞ்சள் சாயல் என்றால் செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், மயில் நீலம் எல்லாம் சேரும். நீலம் கலந்த சிவப்போ மெஜந்தாவோ வந்தால் அதே டைல்ஸ் அழுக்கேறியதுபோல் தெரியும்.

செங்கல் சிவப்பை எடுங்கள், ஆனால் முதலில் துணியில். இரண்டு குஷன், சோபாவின் மேல் ஒரு விரிப்பு, எதிர்ப்பக்கம் சின்னதாக ஒன்று. சில வாரம் பழகிப் பாருங்கள். பிறகும் சுவர் வேண்டும் என்று தோன்றினால், ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் இருக்கிற சுவருக்கு நேர் வெளிச்சம் கிடைக்காது. அதில் அடித்தால் எந்த நிறமும் இருண்டுதான் தெரியும்.

திருச்சி: 60-30-10 என்கிறார்களே, அது கட்டாயமா?

கட்டாயம் இல்லை, கைகாட்டி மட்டும்தான். அறையில் 60 பங்கு அடிப்படை நிறம், 30 துணை நிறம், 10 அழுத்தமான நிறம் என்று கணக்கு. நம் வீடுகளில் அந்தப் பத்தில் காலண்டர், பிளாஸ்டிக் நாற்காலி, பிள்ளைகளின் பள்ளிப்பை எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். அவற்றை அலமாரிக்குள் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள், புதிதாக வாங்க வேண்டியது பாதிதான் இருக்கும். அப்புறம், நிறம் ஒரே இடத்தில் தனியாக நிற்கக் கூடாது. மூன்று இடத்திலாவது திரும்ப வர வேண்டும்.

கோவை: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது.

பவானி ஜமக்காளம் வாங்குங்கள். பட்டை பட்டையாக அத்தனை அழுத்தமான நிறம் வேறு எந்த விரிப்பிலும் இந்த விலைக்குக் கிடைக்காது என்பது என் எண்ணம். வெளிர் டைல்ஸ் மேல் விரித்தவுடனே அறை மாறிவிடும். புவிசார் குறியீடு பெற்றது. அசலைக் கேட்டு வாங்குங்கள், நெசவாளருக்குப் போய்ச் சேரட்டும். பழைய கண்டாங்கிச் சேலை இருந்தால் குஷன் உறை தைக்கலாம். புது நூல் துணி சாயம் விடும், முதல் சில தடவை தனியாக அலசுங்கள்.

சென்னை: சாம்பல் சுவர்தான். ஆரஞ்சு சோபா வந்ததும் சுவர் நீலமாகத் தெரிகிறது. பிரமையா?

பிரமை இல்லை. ஒரு நிறத்தின் பக்கத்தில் இருக்கும் சாம்பல், அதன் எதிர் நிறத்தின் (ஆரஞ்சுக்கு நீலம்) சாயலைக் காட்டும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரோல் 1839-இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். உங்கள் சுவரை அடுத்த முறை கொஞ்சம் மஞ்சள் சாயலுள்ள சாம்பலாக்குங்கள். அதுவரை சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் மர நிறத்தில் ஏதாவது வையுங்கள்.

சேலம்: அடர் சிவப்புக்கு மூன்றாவது கோட் வேண்டும் என்கிறார் பெயின்டர். ஏமாற்றுகிறாரா?

இல்லை, நியாயமாகத்தான் கேட்கிறார். பெயின்டுக்கு மறைக்கும் சக்தி தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. அடர் நிறத்துக்கான பேஸில், அதாவது கடையில் நிறம் கலக்கும் அடிப்படை பெயின்டில், அது மிகக் குறைவு, அதனால் சிவப்பும் மஞ்சளும் அடியில் இருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். முதலில் சாம்பல் கலந்த பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு கோட் மிச்சமாகலாம்.

மதுரை: கடையில் பார்த்த நிறம் வீட்டில் வரவில்லை.

விளக்குதான் காரணமாக இருக்கும். விளக்கு டப்பாவில் வெளிச்சத்தின் நிறத்தை கெல்வினில் போட்டிருக்கும். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் சிவப்பும் கடுகும் செத்துப்போகும். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் போட்டால் அவை உயிர்பெறும், நீலம் கொஞ்சம் மங்கும். மாதிரி டப்பா வாங்கி, ஒரு அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு விளக்கு மூன்றிலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

காரைக்குடி: ஹால் முழுக்க ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை.

போடுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் வண்ணம் தரையில் இருக்கும், சுவர் வெள்ளையாக அமைதியாக இருக்கும், அதனால்தான் அது எடுபடுகிறது. திரையையும் சோபாவையும் ஒற்றை நிறத்தில் வைத்துவிடுங்கள். கண்ணாடிமேல் வண்ணக் கலவையும் சிமென்டும் ஊற்றிச் செய்கிற, சூளையில் சுடாத ஓடு அது. ஆசிட் வைத்துத் துடைக்கவே கூடாது.

கொழும்பு: வெள்ளைச் சுவர், கறுத்த மரத் தளபாடம். எந்த நிறம் போடலாம், அக்கா?

உங்கள் ஊரிலேயே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் 33-ஆம் ஒழுங்கை வீடு இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரும் தரையும் வெள்ளை, ஆங்காங்கே கலைப்பொருள். இலங்கைக் கைத்தறி வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி தொடங்கி வைத்த பாணியில் வரும் கைத்தறித் துணியில் ஆரஞ்சும் ரோஸும் பக்கம் பக்கமாக ஓடும். கறுத்த மரத்துக்கு அதில் ஒரு மேசை விரிப்பும் இரண்டு குஷனும் போதும். சுவரை வெள்ளையாகவே விடுங்கள்.