கி.பி. முதலாம் ஆண்டு எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இயேசு பிறந்த ஆண்டே கி.பி. 1 என்று பள்ளியில் படித்தோம். அவர் கி.மு. 4-க்கு முன்பே பிறந்திருக்க வேண்டும் என்று இப்போது எழுதுகிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?

பதில்: இந்த ஆண்டுக்கணக்கு இயேசுவின் காலத்தில் எழுந்ததன்று. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமில் வாழ்ந்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்னும் துறவி, 525-இல் ஈஸ்டர் பெருவிழாவின் நாள்களைக் காட்டும் அட்டவணையைத் தயாரித்தபோது இதை வகுத்தார். அதுவரை அலெக்சாந்திரியா திருச்சபையின் அட்டவணையில் ஆண்டுகள், டயோக்ளீசியன் பேரரசர் அரியணை ஏறிய 284-ஐத் தொடக்கமாகக் கொண்டு எண்ணப்பட்டன. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரின் நினைவை ஈஸ்டர் அட்டவணையில் நிலைக்கவிட டயோனிசியசுக்கு மனம் இடம் தரவில்லை. எனவே டயோக்ளீசியன் ஆண்டு 247-உடன் முடிந்த பழைய அட்டவணையைத் தொடர்ந்தவர், அடுத்த வரியில் 248 என்று எழுதாமல், இயேசுவின் பிறப்பிலிருந்து எண்ணி 532 என்று எழுதினார். அந்த எண்ணை எவ்வாறு அடைந்தார் என்பதை அவர் விளக்கவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இயேசு பிறந்தபோது யூதேயாவை ஆண்டதாகச் சொல்லப்படும் மன்னர் ஏரோது கி.மு. 4-இல் இறந்தார் என்பது உறுதியா? சந்திர கிரகணத்தை வைத்துச் சிலர் கி.மு. 1 என்கிறார்களே?

பதில்: ஏரோதின் மரணத்துக்குச் சற்று முன் ஒரு சந்திர கிரகணமும், மரணத்துக்குப் பின் யூதர்களின் பாஸ்கா பண்டிகையும் வந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். கி.மு. 4 மார்ச் 13, கி.மு. 1 ஜனவரி 10 ஆகிய இரு கிரகணங்களுமே இதற்குப் பொருத்திக் காட்டப்படுவதால், கிரகணத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. ஏரோதின் மகன்களுடைய ஆட்சிக் கணக்கையே நான் வலுவான சான்றாகக் கருதுகிறேன். தந்தைக்குப் பின் 37 ஆண்டுகள் ஆண்ட மகன் பிலிப்பு, ரோமப் பேரரசர் திபேரியுவின் 20-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 33-34-இல், இறந்தார் என்று அதே ஜோசபஸ் கூறுகிறார். பின்னோக்கி எண்ணினால் கி.மு. 4-ஐ ஒட்டியே வந்து நிற்கிறோம். இயேசு ஏரோதின் காலத்தில் பிறந்தார் என்று நற்செய்தியாளர் மத்தேயு சொல்வதை ஏற்றால், பிறப்பு அதற்கும் முந்தியதாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: இயேசு பிறந்தபோது நடந்ததாக நற்செய்தியாளர் லூக்கா கூறும் குடிமதிப்பு இதை உறுதி செய்கிறதா?

பதில்: இல்லை, சிக்கலை மிகுவிக்கிறது. ஜோசபஸின்படி, குரேனியு சிரியாவின் ஆளுநராக இருந்து நடத்திய குடிமதிப்பு கி.பி. 6-இல், ஏரோது இறந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. திபேரியுவின் 15-ஆம் ஆண்டையொட்டி இயேசுவுக்கு 'ஏறக்குறைய' முப்பது வயது என்றும் லூக்காவே எழுதுகிறார். அந்த 'ஏறக்குறைய'வை எண்ணாகக் கொள்வது நேர்மையான கணக்காகாது.

கேள்வி: பூஜ்ஜிய ஆண்டு ஏன் இல்லை?

பதில்: ரோமானிய எண்முறையில் பூஜ்ஜியத்துக்குக் குறியீடு இல்லை, கி.மு. 1-ஐ அடுத்து நேரே கி.பி. 1 வருகிறது. கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்த ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வயதை 63-உம் 14-உம் கூட்டி 77-ஐ நெருங்கியதாகக் கொண்டால் தவறு; நடுவில் பூஜ்ஜிய ஆண்டு இல்லாததால் ஓர் ஆண்டைக் கழிக்க வேண்டும். அவருக்கு 76 நிறைய ஒரு மாதம் இருந்தது.

கேள்வி: தவறு என்று தெரிந்தபின் திருத்திவிடலாமே?

பதில்: எந்த ஆண்டுக்குத் திருத்துவது என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. மேலும், 731-இல் ஆங்கிலேயத் துறவி பீட் தம் திருச்சபை வரலாற்றில் கையாண்ட பின் பரவிய இக்கணக்கிலேயே பத்திரங்களும் கல்வெட்டு ஆய்வுகளும் வானியல் பதிவுகளும் இன்று நிற்கின்றன. கி.பி.க்குப் பதிலாகப் 'பொது ஆண்டு' என்று எழுதுவோரும் இதே எண்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.