பில்பாவோவைக் காப்பாற்றியது அருங்காட்சியகம்தானா?

வட ஸ்பெயினில் பாஸ்க் மக்களின் தொழில் நகரமான பில்பாவோவைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இரும்பு எத்தனையோ ஊர்களில் கிடைக்கிறது. பில்பாவோ மட்டும் ஏன் அப்படி வளர்ந்தது?

பக்கத்துத் திரியானோ மலைகளின் இரும்புத் தாதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதுதான் காரணம். எஃகு தயாரிக்க 1856இல் வந்த பெஸ்ஸமர் முறையில் பாஸ்பரஸ் மிகுந்த தாதை உருக்கினால் எஃகு நொறுங்கிவிடும். அதனால் பிரிட்டிஷ் உருக்காலைகள் இந்த மலைகளைத் தேடி வந்தன. தாதை ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது நிலக்கரியைக் கொண்டுவந்தன. அந்தக் கரியில் நெர்வியோன் ஆற்றின் இடக்கரை முழுவதும் ஊதுலைகள் எரிந்தன.

கேள்வி: அந்தச் செல்வம் தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்ததா?

தானாகச் சேரவில்லை. சுரங்கத் தொழிலாளி முதலாளியின் கொட்டகையில் படுக்க வேண்டும், அவர் சார்ந்தவர்களின் கடையிலேயே அரிசி பருப்பு வாங்க வேண்டும். 1890 மே மாதப் பெரும் வேலைநிறுத்தம் இந்த இரண்டையும் எதிர்த்துத்தான் வெடித்தது. ஆற்றங்கரையில் பெண்கள் தோளில் கயிற்றைப் போட்டுப் படகுகளை இழுத்தார்கள். இன்று அவர்களுக்கு அங்கே சிலை இருக்கிறது. நகர வரலாறுகள் அவர்களை இத்தனை காலம் மறந்திருந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: வீழ்ச்சி எப்போது தொடங்கியது?

1970களின் எண்ணெய் நெருக்கடியோடு. 1983 ஆகஸ்ட் 26 அன்று, ஊர்த் திருவிழாவின் நடுவே, வெள்ளம் பழைய நகரை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டு யூஸ்கால்துனா கப்பல் கட்டும் தளத்தைக் காக்கத் தொழிலாளர்கள் தெருவில் போலீசாருடன் மோதினார்கள். தளம் 1988இல் மூடப்பட்டது. பெரிய உருக்காலை 1996 வரை தாக்குப்பிடித்தது.

கேள்வி: குகன்ஹைம் அருங்காட்சியகம் வந்த பிறகுதானே ஊர் பிழைத்தது?

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன். ஃபிராங்க் கெரி வடிவமைத்த, டைட்டானியத் தகடு போர்த்திய அந்தக் கட்டடம் 1997 அக்டோபரில் திறந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றை மீட்கும் திட்டமோ 1979லேயே வகுக்கப்பட்டுவிட்டது. நாற்றமடிக்கும் ஆற்றங்கரையில் டைட்டானியத்தைப் போர்த்தி என்ன பயன்? நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ 1995இல் ஓடத் தொடங்கியது. துறைமுகம் கடல் முகத்துக்கு நகர்ந்ததால் நகர நடுவில் கரை காலியானது.

இவற்றையெல்லாம் கோத்தது 1992இல் தொடங்கிய ‘பில்பாவோ ரியா 2000’ என்ற பொது நிறுவனம். மாட்ரிட்டில் உள்ள ஸ்பெயின் அரசுத் தரப்புக்குப் பாதி, பாஸ்க் தரப்புக்குப் பாதி. அரசியலில் முட்டிக்கொண்ட இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. துறைமுகம், ரயில்வே போன்ற அரசு அமைப்புகளின் நிலங்கள் அதன் கைக்கு வந்தன. நல்ல மனையை விற்று, வந்த பணத்தில் தண்டவாளத்தின் மேல் தளம் போட்டு மூடினார்கள், பூங்கா போட்டார்கள். அருங்காட்சியகத்தை மட்டும் நகலெடுக்க நினைக்கும் மேயர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கேள்வி: வேலை இழந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். வெல்டிங் செய்த கைக்கு ஓட்டல் வேலை ஈடாகாது. ஊதுலைகள் நின்ற செஸ்தாவோ போன்ற இடக்கரை ஊர்கள், நகர நடுப்பகுதி அளவுக்கு மீளவில்லை. இதைச் சொல்லாமல் பில்பாவோவைப் புகழ்வது அநியாயம்.

கேள்வி: ஒரே நாள் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

யூஸ்கால்துனா தளம் இருந்த இடத்தில் ‘கரோலா’ என்ற சிவப்புப் பளுதூக்கி நிற்கிறது. தினமும் படகில் ஆற்றைக் கடந்த அழகியின் பெயராம் அது. அவளைப் பார்க்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பிறகு மெட்ரோ பிடித்துப் போர்த்துகலேத்தே என்ற ஊருக்குப் போங்கள். 1893இல் கட்டிய தொங்கு பாலத்தில், இரும்புக் கம்பிகளில் தொங்கும் கூண்டு கார்களையும் ஆட்களையும் இன்றும் அக்கரைக்குக் கொண்டுபோகிறது. ஓரமாக நில்லுங்கள், தண்ணீர் காலடியிலேயே தெரியும்.