மகன் என் போனில்தான் யூடியூப் பார்க்கிறான். நேரத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

முதலில் ஒன்று: ஆண்ட்ராய்டில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் டைமரை நம்ப வேண்டாம். அது பெரியவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளும் கடிவாளம். செட்டிங்ஸுக்குள் போனால் பையனே எடுத்துவிடுவான். என் மகன் எட்டு வயதில் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான்!

உங்கள் போனையே கொடுப்பதாக இருந்தால், ஒரே ஆப்பைத் திரையில் பூட்டிவைக்கும் 'ஆப் பின்னிங்' வசதி உதவும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் தேடுங்கள். வெளியே வர பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் பயனில்லை. ஆனால் இது வேறு ஆப்புக்குத் தாவாமல்தான் தடுக்கும், நேரத்தைப் பார்க்காது. ஐபோனில் இதே வேலைக்கு 'கைடட் ஆக்சஸ்' இருக்கிறது, அதில் நேர வரம்பும் போடலாம்.

பழைய போனோ டேப்லெட்டோ இருந்தால், அதில் பையன் பெயரில் கூகுள் கணக்கு திறந்து, பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப்பில் சேருங்கள். சனி, ஞாயிறு மட்டும் கூடுதல் நேரம், யூடியூபுக்குத் தனி வரம்பு, இரவு ஒன்பதுக்குப் பூட்டு என்று உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். புது ஆப் போட உங்களிடம் அனுமதி கேட்கும்படியும் செய்யலாம்.

அப்புறம், உங்கள் போனின் பின் நம்பரை மாற்றிவிடுங்கள். அவனுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.