ஆடியிலும் சந்தா கட்டணுமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். ஆடி மாதம் ஆர்டரே இல்லை, போட்டோஷாப், லைட்ரூம் சந்தா மட்டும் தவறாமல் போகிறது. இலவச மென்பொருளுக்கு மாறினால் பழைய படங்கள் என்னாகும்?

பதில்: மாறலாம், ஆனால் முகூர்த்த சீசன் நடுவில் வேண்டாம், இந்த ஆடியிலேயே ஆரம்பியுங்கள். லைட்ரூமுக்குப் பதில் டார்க்டேபிள், போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், இரண்டும் இலவசம். ரா ஃபைல்களுக்கு (கேமரா பதிவு செய்த மூலப் படங்கள்) ஒன்றும் ஆகாது. லைட்ரூமில் செய்த கலர் திருத்தங்கள்தான் முழுசாக வராது, அதனால் முடித்த வேலைகளை 16 பிட் டிஃப் (TIFF, தரம் குறையாத பட வடிவம்) ஆக எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிடுங்கள் (சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக்கில் எக்ஸ்போர்ட் செய்யலாம், படத்தைத் திருத்தும் டெவலப் பகுதிதான் பூட்டிக்கொள்ளும்). போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலை கிம்ப் திறக்கும், லேயர்களும் (படத்தின் அடுக்குகள்) வரும், கலர், வெளிச்சம் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை மட்டும் நம்பாதீர்கள். கிம்ப் போடுவதாக இருந்தால் 2025 மார்ச்சில் வந்த 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போடுங்கள், அதில் ஃபில்டர் போட்ட பிறகும் திருத்திக்கொள்ளலாம். ஷார்ட்கட்தான் முதலில் படுத்தும். போட்டோஷாப் பழக்கத்தில் க்ராப் செய்ய ‘சி’ தட்டினால் கிம்ப்பில் குளோன் கருவி வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் இழுத்து, ஒரு மணப்பெண் கன்னத்தில் மூன்றாவது ஜிமிக்கியை முளைக்க வைத்தவன் நான். அப்புறம், கிம்ப்பில் யூனிகோடு தமிழில் பெயர் எழுதினால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறாமல் சரியாகவே விழும்.