தேங்காய்க் களமும் விண்வெளித் தூசியும்

ஐயாவுக்கு வணக்கம்ங்க. காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறோம். குடோனுக்குள் கால் வைத்ததுமே அப்பா, "எந்த மூட்டையோ பூசணம் பிடிச்சிருக்குது" என்று சொல்லிவிடுவார். விண்வெளி நிலையத்திலும் பூசணம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே எப்படிங்க கண்டுபிடிப்பார்கள்? மூக்கு போதாதா?

— ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மூக்கு அங்கே போனால் பாதி வேலைதான் செய்யும். எடையற்ற நிலையில் உடம்பு நீர் தலைப்பக்கம் ஏறிவிடுகிறது. சளி பிடித்தது போல மூக்கு அடைத்து, வாசனை மட்டுப்படுகிறது என்று வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் காற்றை உறிஞ்சி, ஊட்டம் பூசிய தட்டில் படவிட்டு, சில நாள் வளர்த்து எண்ணுகிறார்கள். இதை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. பூசணம் விதை போலப் பரப்பும் நுண்துகள்தான் வித்து. அந்தத் தீனி ஒத்துக்கொண்ட, உயிருள்ள வித்துதான் முளைக்கும். செத்த வித்தும் ஒவ்வாமையைக் கிளப்பும், ஆனால் தட்டில் தெரியாது. அப்புறம், அது அந்தச் சில நிமிடத்துக் காற்று மட்டும்தானே.

தூசியில் கணக்கு முழுதாக இருக்கும். அங்கே தூசி தரையில் படியாது. காற்றோட்டத்தோடு மிதந்துபோய் வடிகட்டி வலையில் ஒட்டிக்கொள்ளும். வீரர்கள் அதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பார்கள். தோல் செதில், துணி நூல், பூசண வித்து எல்லாம் நாள்கணக்கில் அந்தப் பையில் சேரும். பூமிக்கு வந்த பைகளில் டி.என்.ஏ. பார்த்தால் செத்ததும் தெரியும், உயிருள்ளதும் தெரியும். அங்கே கிடைப்பவற்றில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உண்டு. உங்கள் தேங்காய்ப் பருப்பில் மஞ்சள்பச்சையாகப் பூப்பதும் அந்தச் சாதிதான். 2016இல் நாசா விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் நிலையத்திலேயே டி.என்.ஏ. வரிசையைப் படித்துக் காட்டினார். மாதிரி பூமிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது பெரிய விஷயம்.

சரி, வித்து எங்கும் இருக்கும். ஈரம் பட்டால்தான் வினை என்பது உங்களுக்கே தெரியும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலையத்துத் தூசியை வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்துப் பார்த்தார்கள். 80 சதவீதத்துக்கு மேல் போய் அப்படியே நீடித்தபோது பூசணம் படர்ந்தது. 1998இல் ரஷ்யாவின் பழைய மீர் விண்வெளி நிலையத்தில் ஒரு பலகையைக் கழற்றினால் பின்னால் நீர் உருண்டைகள் மிதந்தன, அதில் பூஞ்சைகளும் இருந்தன. இப்போதைய நிலையத்திலும் உடற்பயிற்சி முடித்த ஈரத்துணியைக் காயப்போட்ட இடத்துப் பலகைகளில் பூசணம் பூத்தது. பையில் வித்து கூடினால் இப்படிப்பட்ட இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடைமழைக் காலத்தில் அப்பா குடோனில் எந்த மூலையை முதலில் பார்ப்பார்? கேட்டு எழுதுங்கள்.